படம் எடுக்க விடாத அறை

வீடு விற்கிறவர்கள் எதையாவது மறைக்கத்தான் செய்வார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. ஹாலில் அரபிச் சாம்பிராணி பகூரின் புகை கமகமத்தால் பாத்ரூம் குழாயில் அடைப்பு என்று அர்த்தம். நாம் போகிற நேரம் பார்த்து டிவி அலறினால் மேல்வீட்டில் ஒரு கூட்டம் குதித்துக்கொண்டிருக்கும். புதுத் திரைச்சீலை தொங்கினால் அதற்குப் பின்னால் ஏசி தண்ணீர் சுவரில் வழிகிறது. அஜ்மானில் இத்தனை காலமாக ஃபிளாட் விற்றும் வாங்கிக் கொடுத்தும் பிழைக்கிறேன். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் கண்ணுக்கு முன்னால் என் மூக்கு வேலையைத் தொடங்கிவிடும்.

பன்னீர்செல்வம் அண்ணாச்சியின் வீட்டில் ஒரு வாடையும் இல்லை. அப்போதே எனக்கு என்னவோ போல இருந்தது.

அவர் விருத்தாசலத்துக்காரர். ஷார்ஜா தொழில்பேட்டையில் ரோட்டு வேலை எடுத்துச் செய்கிற ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி ராதா முன்னாலேயே ஊருக்குப் போய் அங்கே வீட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார். இங்கே அவரும் மகள் ஹர்ஷினியும்தான். கம்பெனி விசாவை கேன்சல் செய்வதற்குள் ஃபிளாட்டை விற்றுவிட வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார். இரண்டு படுக்கையறை, கட்டி முடித்த புதிதில் அவரே வாங்கிய வீடு. வேறு யாரும் குடியிருந்ததில்லை.

நெட்டில் போடுவதற்காக ஒவ்வொரு அறையாகப் படம் எடுத்தேன். சமையலறை அலமாரிக் கதவு ஒற்றைக் கீலில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக்கூட அவர் எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டாவது படுக்கையறைப் பக்கம் போனதும் முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"அது வேணாம்மா. பொண்ணு தூங்குது."

உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டது. பாட்டோடு சேர்ந்து ஹர்ஷினியும் பாடிக்கொண்டிருந்தாள். தூக்கத்தில் இவ்வளவு சுதியோடு பாடுகிற பெண்ணை நான் பார்த்ததில்லை.

"அண்ணாச்சி, ஒரு ரூம் படம் இல்லன்னா வாங்க வாரவன் என்னன்னு நினைப்பான்? உள்ள என்னமோ நடந்திருக்குன்னுதான் நினைப்பான்."

"நேர்ல வந்து பாத்துக்கட்டும். நெட்டுல மட்டும் போடாத."

நேரில் பார்க்கலாம், படம் மட்டும் கூடாது. இது என்ன கணக்கு என்று யோசித்துக்கொண்டே படி இறங்கினேன். வாட்ச்மேனிடம் இந்த வீட்டில் சாவு கீவு நடந்ததா என்று விசாரித்தேன். "மாஃபி, சிஸ்டர்", அப்படி எதுவும் இல்லை என்று கையை விரித்தான். அவன் சொல்வதையும் நான் முழுக்க நம்பவில்லை.

அடுத்த வாரம் அவரே போன் செய்தார். இப்போது வந்து படம் எடுத்துக்கொள் என்றார். போய்ப் பார்த்தால், அந்த அறையின் நாலு சுவரிலும் தரையிலிருந்து கூரைவரை வெள்ளை ஷீட். செங்கல் அடுக்கியது போலப் புடைப்பு வைத்த பஞ்சு ஷீட், எல்லாம் பத்து திர்ஹம் கடையில் விற்கிற சரக்கு. பசை நாற்றம் இன்னும் போகவில்லை. சமையலறைக் கதவு அதே ஒற்றைக் கீலில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு திருகாணி வாங்க மனம் வராத மனிதர் இங்கே நாலு சுவரையும் மூடியிருக்கிறார் என்றால் நான் சும்மா இருப்பேனா? கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், ஈரம் இல்லை. தட்டிப் பார்த்தேன், விரிசல் விட்ட சுவரின் சத்தமும் இல்லை. அண்ணாச்சி வாசலிலேயே நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை நான் கூட்டிக்கொண்டு போன குடும்பம் கோயம்புத்தூர்க்காரர்கள். வருண் துபாயில் ஒரு பேங்கில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். அவன் மனைவி அகிலா. ஒன்றரை வயதுப் பையன் அக்ஷய். வந்த மாத்திரத்தில் என் கார் சாவியை வாங்கிச் சப்பினான், பிறகு ஏசி ரிமோட்டைக் கடித்தான். அதைப் பிடுங்கியதும் டீப்பாய் விளிம்பை நக்கினான்.

"கண்ணுல படறது எல்லாமே வாய்க்குத்தானுங்க்கா போகுது" என்று அகிலா சிரித்தாள். "செருப்பக் கூட விடறதில்ல."

இருவருக்கும் அந்த இரண்டாவது அறைதான் பிடித்துப்போயிற்று. காலை வெயில் வருகிறது, கடல் ஒரு கீற்றுத் தெரிகிறது. பையனுக்கு இதுதான் ரூம் என்று அகிலா அங்கேயே முடிவு செய்துவிட்டாள். கட்டிலை எங்கே போடுவது என்று வருண் கையை விரித்து அளந்துகொண்டிருந்தான்.

ஹர்ஷினி டீ கொண்டுவந்தாள். பத்தொன்பது வயது, உயரமாக, அழகாக இருந்தாள். தட்டை யார் முன்னால் நீட்டுவது என்று தெரியாமல் தயங்கி நின்றாள். சர்க்கரை போட மறந்திருந்தாள்.

"மண்டையில களிமண்ணு" என்றார் பன்னீர்செல்வம், வந்தவர்கள் காது கேட்கவே. "பத்தாவது ரெண்டு தடவ எழுதியும் தேறல. ஒரு டீ போடக்கூட வரல இதுக்கு."

அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எனக்குத்தான் ரத்தம் கொதித்தது. வாடிக்கையாளர் முன்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியது என் தலையெழுத்து.

அக்ஷய் தவழ்ந்துபோய் மூலையில் ஷீட்டின் நுனியைப் பிய்க்கப் பார்த்தான். ஹர்ஷினி சட்டென்று குனிந்து அவன் கையைப் பிடித்தாள்.

"டோன்ட் டச் தட் வால், பேபி. அப்பா வில் பீட் யூ."

சத்தமில்லாமல், ரகசியம் சொல்வது போலத்தான் சொன்னாள். வருண் சிரித்தான். நான் பன்னீர்செல்வத்தைப் பார்த்தேன். மனிதருக்கு வியர்த்துவிட்டது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

கீழே வந்து காரில் ஏறும்போதே வருண் சரி சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்து என்று பேசிக்கொண்டோம். இந்த மாதம் எனக்குக் கைக்கு வரப்போகிற ஒரே வியாபாரம் அது. பேசாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கலாம். ஆனால் சுவரைத் தொட்டால் அப்பா அடிப்பார் என்று ஒரு பெண் ஏன் சொல்ல வேண்டும்? வழியெல்லாம் அதுவே மண்டைக்குள் குடைந்தது.

சனிக்கிழமை, அளவெடுக்க வேண்டும் என்று ஒரு சாக்கைச் சொல்லிக்கொண்டு போனேன். அண்ணாச்சி குபூஸ் ரொட்டி வாங்கக் கீழே போயிருந்தார். ஹர்ஷினிதான் கதவைத் திறந்தாள்.

"ஷீட்டுக்குப் பின்னால என்னம்மா இருக்கு?" என்று நேரடியாகவே கேட்டேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மறைக்கத் தெரியாத முகம். கட்டிலை இழுத்துப் போட்டுவிட்டு, தலைமாட்டு உயரத்தில் ஒரு ஷீட்டின் நுனியைப் பிடித்து உரித்தாள்.

பளீரென்று மஞ்சள். வீட்டுக்குள் யாரும் அடிக்காத மஞ்சள். ஒரு சின்னப் பிள்ளை படுத்துக்கொண்டு கையை நீட்டினால் எட்டுகிற அளவுக்குப் பெயின்ட் சுரண்டப்பட்டு, சாம்பல் நிறச் சிமென்ட் தெரிந்தது. ஓரமெல்லாம் நகக்கீறல்.

"ஐ யூஸ்ட் டு ஈட் இட், ஆண்ட்டி. சின்னப் பிள்ளையா இருக்கறப்போ. சுரண்டிச் சுரண்டித் தின்பேன்."

"பெயின்ட்டையா?"

"இட் வாஸ் ஸ்வீட்."

அந்தச் சொல்லை நான் முன்பே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். என்னிடம் முன்பு ஒரு அமெரிக்கப் பெண் வாடிக்கையாளராக இருந்தார். ஒவ்வொரு வீட்டிலும் ஜன்னல் சட்டத்தையும் கதவையும் ஒரு குச்சியால் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பார். பெயின்ட்டில் ஈயம் இருந்தால் குச்சி நுனி சிவக்குமாம். அமெரிக்காவில் பழைய வீட்டை விற்கும்போது, ஈயப் பெயின்ட் இருப்பது தெரிந்தால் கையெழுத்துக்கு முன்னாலேயே வாங்குகிறவரிடம் சொல்லியாக வேண்டும், அதைச் சொல்ல வைப்பது ஏஜென்ட்டின் பொறுப்பு என்பார். அது இனிக்கும், அதனால்தான் பிள்ளைகள் தின்கின்றன என்றும் சொல்லியிருந்தார். இதெல்லாம் நேற்று முளைத்த ஊர் அம்மா, இங்கே ஏது பழைய பெயின்ட் என்று நான் சிரித்தேன். ஊரைக் காலி செய்தபோது மிச்சக் குச்சிகளை என் கையில் திணித்துவிட்டுப் போனார். அமிர்தாஞ்சனோடும் சேஃப்டி பின்னோடும் என் கைப்பையின் அடியில் அவை கிடந்தன.

ஒன்றை எடுத்து, உள்ளிருக்கும் மருந்து கசிய நசுக்கி, மஞ்சளில் தேய்த்தேன். நேரமெடுக்கலாம் என்று குச்சியின் அட்டையில் போட்டிருந்தது. ஹர்ஷினியும் நானும் குச்சியைப் பார்த்துக்கொண்டே கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தோம். முதலில் ஒன்றும் இல்லை. நான் மூச்சு விட்டேன். பிறகு நுனி மெல்ல ரோஸ் நிறமாகி, குங்குமத்தைத் தொட்டது போலச் சிவந்தது.

"என்னாம்மா பண்ற?"

பன்னீர்செல்வம் குபூஸ் பாக்கெட்டோடு வாசலில் நின்றார்.

"நீங்க என்ன பண்ணி வச்சிருக்கீங்கன்னு பாக்கேன் அண்ணாச்சி. தெரிஞ்சேதான மூடுனீங்க?"

அவர் முகம் வெளுத்தது. பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு வாசல் கதவைச் சாத்தினார்.

"யாரு சொன்னா ஒனக்கு? கம்பெனிலேர்ந்து யாராச்சும் அனுப்புனாங்களா?"

"கம்பெனியா?"

"தப்புதாம்மா. ஒத்துக்கறேன். பாதி ட்ரம்மு மிச்சம் கெடந்தது, டேட்டு முடிஞ்ச சரக்கு. தூக்கிப் போடச் சொன்னத நான் வூட்டுக்கு எடுத்தாந்தேன். பாப்பா அப்ப நாலு வயசு, மஞ்சளு மஞ்சளுன்னு உசுர எடுக்கும். கடையில வாங்குனா இந்தக் கலரு வருமா? ஒரு லீவு நாளு பூரா நானே அடிச்சேன்." அவர் குரல் தாழ்ந்தது. "இந்த மஞ்சளப் பாத்தாலே கம்பெனில எவனுக்கும் தெரிஞ்சிடும், ரோட்டுக்குக் கோடு போடறதுன்னு. நெட்டுல படம் வந்து, எவனாச்சும் பாத்து, திருட்டுன்னு கேஸு போட்டா ட்ராவல் பேன் ஆயிடும். ஊருக்கே போவ முடியாது. அதான் மூடுனேன். வேற ஒண்ணும் இல்லம்மா."

இதற்காகத்தானா? இத்தனை நாள் நான் சாவையும் கசிவையும் விரிசலையும் தேடிக்கொண்டிருந்தேன். அவரோ பழைய பெயின்ட் ட்ரம்முக்குப் பயந்து நடுங்கிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"பெயின்ட் யாருதுன்னு நான் கேக்கல. அதுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?" குச்சியை நீட்டினேன். "ஈயம்."

"லெட்டா? அது தெரியும். ட்ரம்முல அபாயம்னு படம் போட்டிருக்கும். ஸ்ப்ரே அடிக்கறவனுங்க மாஸ்க்கு போட்டுப்பானுங்க." ஸ்டோர் கீப்பர் குரல் அது, சரக்கு விவரம் சொல்கிற குரல். "காஞ்சிட்டா ஒண்ணும் இல்லம்மா. ரோட்டுல அது மேலதான நடக்கறோம்?"

"இங்க யாரும் மேல நடக்கல அண்ணாச்சி. தின்னிருக்கா."

அவர் குபூஸ் பாக்கெட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டிலில் வைத்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"அதான் ஷீட்டு போட்டாச்சே. அந்தக் கோயம்புத்தூருப் பையன் கேக்கலியே. கேட்டா சொல்லு. கேக்காதத எதுக்கு நாமளா போயி சொல்லணும்?"

பொய் சொல்ல மாட்டேன், அந்த எண்ணம் எனக்கும் ஒரு நொடி வந்தது. ஒப்பந்தம் என் பைக்குள் தயாராக இருந்தது. இந்த ஊரில் என்னிடம் ஈயத்தைப் பற்றிக் கேட்ட ஒரே ஆளும் விமானம் ஏறிப் போயாயிற்று. ஆனால் அந்தப் பஞ்சு ஷீட்டை அக்ஷய் எத்தனை நாள் விட்டுவைப்பான்? பல் முளைக்கிற பிள்ளை. என் கார் சாவியில் அவன் எச்சில் காய்ந்த தடம் இன்னும் இருந்தது.

"அவங்க கேக்கலதான். எனக்குத் தெரிஞ்சுபோச்சே. நான் சொல்லத்தான் செய்வேன்."

அவர் எதிர்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். பாதியில் நிறுத்திவிட்டார். வேறு ஒன்று கேட்டார்.

"தின்னா என்னாம்மா ஆவும்?"

ஹர்ஷினி பக்கத்திலேயே நின்றாள். டீ போட்டு வா என்று அவளை அனுப்பப் பார்த்தேன். அவள் நகரவில்லை. இதைச் சொல்வது எந்த ஏஜென்ட்டின் வேலையும் இல்லை. ஆனாலும் சொன்னேன்.

"சின்ன வயசுல உள்ள போனா மூளைக்கு ஆகாதும்பாங்க. படிப்பு ஏறாது, சொன்னது நிக்காதும்பாங்க. இவளுக்கு அதனாலதானான்னு எனக்குத் தெரியாது அண்ணாச்சி. யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. டாக்டர்ட்ட காட்டுங்க."

பன்னீர்செல்வம் மகளைப் பார்த்தார். பிறகு அவள் பார்வையைத் தாங்க முடியாமல் சுவரைப் பார்த்தார்.

நான் வருணைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னேன். அவன் குரல் மாறிவிட்டது.

"ஏனுங்க்கா, வேற பார்ட்டி சிக்கிருச்சுங்களா? நேத்து வரைக்கும் நல்லாருந்த வீட்டுல இன்னிக்கு ஈயம்ங்கறீங்க. ரேட் ஏத்தோணும்னா நேராவே சொல்லுங்க. இந்தக் கதையெல்லாம் எங்ககிட்ட வேண்டாமுங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டுப் பிழைத்த என்னை ஒருவன் சந்தேகப்படுகிறான், அதுவும் வாழ்க்கையில் ஒரு தடவை நஷ்டத்துக்கு உண்மை பேசும்போது. என்ன சொன்னாலும் நம்ப மாட்டான் என்று தெரிந்தது. அவன் இடத்தில் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

பன்னீர்செல்வம் என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"தம்பி, நான் வீட்டுக்காரன் பேசறேன். வேற பார்ட்டியும் இல்ல, கீர்ட்டியும் இல்ல. ரோட்டுக்கு அடிக்கிற பெயின்ட்ட நாந்தான் திருடியாந்து அந்த ரூமுல அடிச்சேன். எம்பொண்ணு அதச் சுரண்டித் தின்னுச்சு. தின்னுதேன்னு நான் அடிச்சேன். படிக்கலன்னும் அடிச்சேன். நேத்து நீங்க அதப் பாத்தீங்க இல்ல, டீ கொண்டாந்துச்சே. நம்பறதுன்னா நம்புங்க."

திருடினேன் என்று அவர் வாயாலேயே சொன்னார். கம்பெனிக்குத் தெரியக் கூடாது என்று நாலு சுவரையும் மூடிய மனிதர் அவர்.

போனில் அகிலாவின் குரல் கேட்டது. "அங்கிள், அந்தப் புள்ளைக்கு மொதல்ல ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க. இவனும் நேத்து அங்க ஜன்னல் கட்டையில வாய வெச்சானுங்க. இவனுக்கும் நாங்க பாத்துக்கறோம்." பிறகு சொன்னாள், "வீடு எங்களுக்கு வேண்டாமுங்க. சொன்னதுக்குத் தேங்க்ஸுங்க." லைன் துண்டானது.

கலாஸ், முடிந்தது. வியாபாரம் போயிற்று. அக்ஷய் இந்தக் கட்டில் பக்கம் வர மாட்டான் என்பது மட்டும் நிச்சயம். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. அப்படி இருந்ததில் எனக்கே ஆச்சரியம்.

பன்னீர்செல்வம் சமையலறைக்குப் போனார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். தோசைத் திருப்பியோடு வந்தார். வந்த வேகத்தில் நாலைந்து ஷீட்டைக் கிழித்து எறிந்துவிட்டு, தோசைத் திருப்பியால் சுவரைச் சுரண்ட ஆரம்பித்தார். மஞ்சள் பொருக்கு பொருக்காகக் கட்டிலில் விழுந்தது, குபூஸ் பாக்கெட் மேல் விழுந்தது, அவர் தலையில் விழுந்தது.

"அண்ணாச்சி, நிறுத்துங்க. தூசி கிளம்புனா இன்னும் மோசம். அதுக்குன்னு ஆளுங்க இருக்காங்க."

அவர் காதில் அது விழவே இல்லை. அடித் தொண்டையிலிருந்து ஏதோ முனகல் வந்துகொண்டிருந்தது. நான் வாயைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு அவர் பக்கம் போவதற்குள் ஹர்ஷினி போய்விட்டாள். பின்னாலிருந்து அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிடுங்கவில்லை, பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான்.

"சுரண்டக் கூடாதுப்பா" என்றாள். "நீங்கதானே சொல்வீங்க."